சாம்பல் நீர்

நோங்ஹாய் கிராமம்,
ஏப்ரல் 19, 1998

அன்புள்ள ரட்சனீ அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும், எருமையும், அம்மாவின் பட்டுப்புழுக்களும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? பாங்காக் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுகிறேன் என்றாய். ஆறு நாள் ஆகிவிட்டது. அப்பா கேட்கவில்லை. ஆனால் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தால் மட்டும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்துகிறார்.

நீ கிளம்பும்போது அப்பா உன் பையில் வைத்த சோற்றுக் கூடையின் அடியில் எறும்பு முட்டை இருந்தது. பார்த்தாயா, அல்லது கெட்டுப்போனதா?

பள்ளிக்கூடத்துத் தோழிகள் நான்கு பேர், உன் அக்கா என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டார்கள். சர்க்கரை என்றேன். மிட்டாய்க் கடை வைக்கப் போகிறாளா என்று சிரித்தார்கள். கம்சிங் சித்தப்பாவைக் கொன்ற கிருமி மேலே போர்த்திக்கொண்டிருக்கிற சர்க்கரை என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. போன மழைக்கு அந்த நான்கு பேரில் இரண்டு பேர் வீட்டிலும் ஆள் போயிருக்கிறது. சித்தப்பாவுக்கு நாற்று நட்ட பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள் இருந்தார் என்று நான் மறுபடி எழுத வேண்டியதில்லை.

சுகாதார நிலையத்து அனுத் அண்ணன் நேற்று வந்திருந்தார். சேற்றில் இருக்கிற அந்தக் கிருமி நீரிழிவு உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறதாம். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் அந்தச் சர்க்கரை எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாயா? அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் எழுது. எனக்குப் புரியாது என்று விட்டுவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
பிம்பா


பாங்காக்,
மே 10

அன்பு பிம்பாவுக்கு,

நன்றாக இருக்கிறேன், மெலியவில்லை என்று அம்மாவிடம் சொல். அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? எறும்பு முட்டையை ஆய்வகத்தில் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். என் பேராசிரியர் மட்டும் தொடவில்லை. அவர் இந்த ஊர்க்காரர்.

கருவியைக் கேட்டாய். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ஒரு வெள்ளிப் பானை அது. உள்ளே பெரிய காந்தம். கைக்கடிகாரம், சாவி எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கிருமியை லிட்டர் லிட்டராக வளர்த்து, கொன்று, கழுவி, கடைசியில் ஒரு சிட்டிகை வெண்பஞ்சு மாதிரி அந்தச் சர்க்கரை கிடைக்கும். அதை ரீஃபில் கனத்தில் இருக்கிற கண்ணாடிக் குழாயில் கரைத்துக் காந்தத்துக்குள் இறக்குவோம். சர்க்கரைச் சங்கிலியில் இருக்கிற ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும், தன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தனித்தனிச் சுருதியில் பதில் சொல்லும். கருவி அதைக் காகிதத்தில் கோடுகளாக வரையும். கோடுகளை வைத்து எந்தக் கண்ணி எதோடு எப்படிக் கோத்திருக்கிறது என்று நாம் படிக்க வேண்டும்.

என் சர்க்கரை நான்கு மாதமாகச் சந்தை இரைச்சலாக இருந்தது. ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு. காரணம், சங்கிலியின் சில கண்ணிகளில் வினிகரில் இருப்பது போன்ற ஒரு சிறு துண்டு தொங்குகிறது, சிலவற்றில் இல்லை. போன வாரம் அதைக் காரநீரில் ஊறவைத்து அந்தத் துண்டுகளை எடுத்துவிட்டேன். அம்மா பட்டு நூலைச் சாம்பல் நீரில் வேகவைத்துப் பசையை எடுப்பாளே, அதே வேலைதான். இப்போது ஒவ்வொரு கோடும் நாணல் மாதிரித் தனியாக நிற்கிறது. காகிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன், பிம்பா.

இந்த உறைதான் அந்தக் கிருமிக்குப் பலம். உறை போன கிருமியை நம் இரத்தமே தின்றுவிடும். அப்பேர்ப்பட்ட உறை சாம்பல் நீருக்கு அவிழ்கிறது என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போன வருஷம் நம் நாட்டுப் பணத்தின் மதிப்பு விழுந்த பிறகு கருவியைக் குளிர்விக்கிற ஹீலியம் வாங்க முடியவில்லை. கையிருப்பு ஆகஸ்ட் வரைதான். அதனால் ஜூனிலிருந்து நான் அங்கேயேதான் கிடப்பேன். கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

எல்லோருக்கும் என் வணக்கம்,
ரட்சனீ


நோங்ஹாய்,
மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீ சரியாகத் தூங்குகிறாயா என்று அம்மா கேட்கிறாள். உன் கடிதத்தை நான் ஏழு முறை படித்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். சாம்பல் நீர் வந்த இடத்தில் அம்மா தலை நிமிர்ந்தாள். பாங்காக்கில் அவள் வேலையைச் செய்கிறார்கள் என்பதில் அவளுக்குப் பெருமை.

அனுத் அண்ணன் அப்பாவுக்குக் கறுப்பு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்தார். இருவரும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“மாமா, இந்தத் தடவ இதப் போடாம வயல்ல எறங்கினீங்கன்னா நான் போலீஸோடதான் வருவேன்.”

“வா. போலீஸுக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டு வா. அவன் பூட்ஸும் என் பூட்ஸும் சேத்துல ஒண்ணாக் கெடக்கட்டும்.”

மறுநாள் கீழ் வயலில் போட்டுப் பார்த்தார். எட்டு அடி நடந்தார். ஒன்பதாவது அடியில் பூட்ஸ் உள்ளேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது. அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அதோடு, வயல் காக்கும் தெய்வமான தா ஹேக்குக்கு முதல் ஏழு நாற்று நடும்போது காலில் எதுவும் இருக்கக் கூடாது. அப்பா இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பூட்ஸ் இப்போது கோழிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒன்றில் ஒரு கோழி முட்டை இட்டிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு இறங்கினார். ஏதாவது செய்ய வேண்டும், அக்கா. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
பிம்பா


நோங்ஹாய்,
ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எந்த நேரத்தில் சாப்பிடுகிறாய், கருவி அறை மிகவும் குளிருமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மழை ஜூன் இரண்டாம் தேதி பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. நாற்றங்கால் பச்சையாக இருக்கிறது. எருமைக்குக் கண்ணில் வந்திருந்த பீளை போய்விட்டது. நான் அறிவியலில் வகுப்பிலேயே முதல். கணக்கில் நான்காவது, அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

அப்பாவின் மாத்திரையை இப்போது நானே எடுத்துக் கொடுக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாள்காட்டியில் கோடு போடுகிறேன். அவர் கால்களையும் நானே கவனித்துக்கொள்கிறேன். பேராசிரியை வந்துட்டாங்க என்று கேலி செய்துகொண்டே காலை நீட்டுகிறார். அது எப்படி என்று அடுத்த தாளில் எழுதுகிறேன்.

உன் கடிதத்திலிருந்துதான் எனக்கு இது தோன்றியது. கிருமியின் உறை சாம்பல் நீருக்கு அவிழ்கிறது, உறை போனால் இரத்தமே அதைத் தின்றுவிடும் என்று நீ எழுதினாய். கிருமி ஏறுவது கால் வழியாக. அப்படியானால் காலில் ஏறும்போதே அவிழ்த்துவிட்டால் என்ன? அம்மாவிடம் கேட்டேன். அதுலயா கால வைக்கிறது என்று ஆரம்பித்தாள். அந்த இடத்தை அவளுக்கு மறுபடி இரண்டு முறை படித்துக் காட்டினேன். கையில் இருந்த நூலை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, வாழைத்தண்டுச் சாம்பலை அவளே சலித்துக் கரைத்து வைத்தாள். பட்டுக்குக் கரைப்பது போலவே, கெட்டியாக.

வயலுக்குப் போகுமுன் கால் மணி நேரம், வந்த பிறகு அரை மணி நேரம், அப்பா பழைய அலுமினியச் சட்டியில் கால்களை ஊறவைக்கிறார். எட்டு நாளாக ஒரு நாளும் விடவில்லை.

“எரியுதாப்பா?”

“எரியவா? எம் பொண்ணு கலக்கினது பன்னீர் கணக்கா இருக்கு. வேணும்னா இன்னும் ரெண்டு பிடி போடு.”

பரிசோதனைக்காக நானும் என் கையைப் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். எனக்கு எரிந்தது, சிவந்தும் விட்டது. நான் புத்தகம் பிடிக்கிற கை, அப்பா முப்பது வருஷம் சேறு மிதித்த கால், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இது சரிதானா, சாம்பல் இன்னும் சேர்க்கலாமா என்று நீ உடனே எழுத வேண்டும். ஜூலை முதல் வாரம் நடவு.

அன்புடன்,
பிம்பா


பாங்காக்,
ஜூன் 27

அன்பு பிம்பா,

சுகம். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். கடிதம் கிடைத்தது. அறிவியலில் முதல் என்பதில் சந்தோஷம். அப்பாவின் கால்களை நீ கவனித்துக்கொள்வது மிகவும் நல்லது, அப்படியே விடாமல் செய். இப்போது எழுத நேரமில்லை, கருவியில் என் முறை. எருமைக்கும் என் அன்பு.

ரட்சனீ


நோங்ஹாய்,
ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே மழையும் வேலையும் சரியாக இருக்கின்றன. கீழ் வயல் நட்டு முடிந்தது, மேல் வயலில் பாதி ஆகிவிட்டது. பள்ளியில் ஒரு வாரம் விடுப்புக் கொடுத்தார்கள். நானும் நட்டேன், என் வரிசை வளைந்துபோனது.

உன் அட்டையை அப்பாவிடம் காட்டினேன். விடாமல் செய் என்ற வரியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்கு எழுத்து அவ்வளவு வராது என்பது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து கேலி செய்வதில்லை. நான் கூப்பிடுமுன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மழையில் நனைந்ததில் அப்பாவுக்குக் கொஞ்சம் சளி. இரண்டு நாள் ஓய்வு எடுத்தார். சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார். நீ இதற்காக வர வேண்டாம், அவரே சொல்லச் சொன்னார். ஹீலியம் தீர்ந்துவிடப் போகிறது, அவ வேலையக் கெடுக்காதே என்றார். ஹீலியம் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
பிம்பா


மாகாண மருத்துவமனை,
ஆகஸ்ட் 3

அக்கா,

நீ நலமாக இரு. இதைப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவை வியாழக்கிழமை சேர்த்தோம். அதே காய்ச்சல். கிராமத் தலைவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து உன் ஆய்வகத்துக்கு அம்மா இரண்டு முறை பேசினாள். கருவி அறைக்குள் இருப்பதாகச் சொன்னார்களாம். விஷயத்தைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை, மறுபடி கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஊசி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். வார்டில் பதினொரு பேர் இதே காய்ச்சல். எல்லோருடைய கால் நகத்திலும் நம் ஊர்ச் சேறுதான். அப்பா நேற்று என்னைப் பார்த்துக் கம்சிங் என்று கூப்பிட்டார்.

இந்தக் கடிதம் வருமுன் யாராவது உன்னிடம் பேசிவிடுவார்கள். ஆனாலும் எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பிம்பா


நோங்ஹாய்,
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லி அனுப்பியது கிடைத்தது. அம்மா சாப்பிடுகிறாள், கொஞ்சம். நானும் சுகம்தான். எருமையை மாமா ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மேல் வயலின் மீதிப் பாதியைத் தெருக்காரர்கள் வந்து நட்டுக் கொடுத்தார்கள்.

அப்பாவை எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கும்போது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். மூன்று நாளும் என் பக்கத்தில்தான் இருந்தாய். என் தலையைக்கூட வாரிவிட்டாய். ஆனால் நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

மருத்துவமனையில் சேர்த்த அன்று டாக்டரம்மா அப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெள்ளையாக ஊறிப்போய், குதிகாலிலும் விரல் இடுக்கிலும் பிளந்திருந்தது. இது என்ன என்று கேட்டார். சேற்றுப்புண் என்று அம்மா சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிளவுகளை நான் ஜூலை பத்தாம் தேதியே பார்த்தேன், அக்கா. உனக்கு எழுதவில்லை. அப்பாவுக்கு வலிக்கவில்லை, நீ விடாமல் செய் என்று எழுதியிருந்தாய், அதனால் சாம்பல் நீர் வேலை செய்கிறது, பழைய தோல் உரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ நல்லது என்று எழுதியிருந்தாய். அது நல்லதுதானா?

பிம்பா


பாங்காக்,
செப்டம்பர் 13

அன்பு பிம்பா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைத் தனியாகப் படுக்க விடாதே. அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. உன் அரைப் பரீட்சை எப்போது? கணக்கில் கவனம் வை.

இங்கே கருவியை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் என் சர்க்கரையின் அமைப்பை முழுவதும் எழுதி முடித்தேன். பேராசிரியர் கை கொடுத்தார். பிறகு, இந்தக் காய்ச்சலில் பிழைத்து எழுந்த எட்டுப் பேரின் இரத்த நீரில் அந்தச் சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்தோம். அடையாளம் கண்டால் குழாயில் வெண்மையாகத் திரியும். எட்டிலும் திரியவில்லை. அவர்கள் உடம்பு தெரிந்து வைத்திருந்தது நான் காரநீரில் எடுத்துப் போட்ட அந்தச் சிறு துண்டைத்தான். படம் தெளிவாக வர வேண்டும் என்று எதை நீக்கினேனோ அதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், கருவி ஓடினால்.

குளிர் தொடங்குமுன் அம்மாவுக்குப் போர்வை வாங்கு.

ரட்சனீ


நோங்ஹாய்,
செப்டம்பர் 27

அக்காவுக்கு,

அம்மாவுக்கு மாத்திரை வந்தது. போர்வை வாங்கியாயிற்று. அவள் இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதனால் நானே அனுத் அண்ணனிடம் போனேன். எங்கள் வீடு என்று சொல்லாமல், ஒருவர் தினமும் சாம்பல் நீரில் காலை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். சாம்பல் நீர் தோலை அரித்துவிடும் என்றார். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருக்கும், வெந்தாலும் தெரியாது, தோல் போனால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

ஐம்பத்து மூன்று நாள். குறிப்பேட்டில் இருக்கிறது. ஒரு நாளும் விடவில்லை.

உனக்கு இது தெரிந்திருக்கும். சர்க்கரையும் காரமும் தெரிந்தவள் நீ. எலும்பு பொறுக்கும்போதும் தெரிந்திருந்ததா? என் தலையை வாரும்போதும்?

இந்தக் கடிதத்துக்கும் போர்வையைப் பற்றிப் பதில் வந்தால் நான் இனி எழுதமாட்டேன்.

பிம்பா


பாங்காக்,
அக்டோபர் 11

பிம்பா,

நீ சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுத் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேராகவே எழுதுகிறேன்.

உன் ஜூன் கடிதத்தில் இரண்டு தாள். அது வந்த அன்று கருவியில் என் முறை தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. கதவுக்கு வெளியே நின்று முதல் தாளைப் படித்தேன். எல்லோரும் நல்ல சுகம், எருமையின் கண், உன் மதிப்பெண், அப்பாவின் மாத்திரை, கால். மீதியை அப்புறம் படிக்கலாம் என்று கோடுகள் வரைந்த காகிதக் கட்டுக்குள் செருகினேன். பத்து நாள் கழித்து உனக்கு அட்டை எழுதியபோது எடுத்துப் பார்க்கவில்லை. முதல் தாளே நினைவில் இருந்தது, அதற்குப் பதில் எழுதினேன். நல்லது, விடாமல் செய் என்று எழுதியபோது நீ என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

ஜூலையில் உன் கடிதம் வந்தது. அப்பா நீ கூப்பிடுமுன்பே வந்து உட்காருகிறார் என்று எழுதியிருந்தாய். கால் பிடித்துவிடுகிறாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் தாளை ஊருக்கு வரும் ரயிலில்தான் படித்தேன். படித்துக் கொண்டிருக்கும்போது வண்டி சீசாகேத் நிலையத்தைத் தாண்டியது. ஆகவே மூன்று நாளும் எனக்குத் தெரியும். தலை வாரும்போதும் தெரியும். நீ சொன்னால் ஒப்புக்கொள்வது, சொல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று இருந்தேன். நீ சொல்லவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

சாம்பல் நீர் இல்லாவிட்டால் அப்பா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வார்டில் இருந்த மற்றப் பத்துப் பேர் சாம்பல் நீரில் கால் வைத்தவர்கள் அல்ல. ஆனால் உன் மேல் தவறே இல்லை என்று எழுதினால் நீ என்னை நம்பமாட்டாய். உறை அவிழ்கிறது என்று நான் எழுதியதே அரை உண்மை. அவிழ்ந்தது ஓர் ஓரத் துண்டு. கிருமி இருந்தபடி இருக்கும். கேட்க அழகாக இருந்தது என்பதால் அப்படி எழுதினேன். நீ பதினான்கு வயதில் அதை நம்பினாய். நீ கேட்டும் எழுதினாய். நான் படிக்கவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். இருபத்தி நான்காம் தேதி வருகிறேன். அதுவரை நீ எதுவும் சொல்லிவிடாதே, அவள் தாங்கமாட்டாள்.

ரட்சனீ


நோங்ஹாய்,
அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. சொல்ல வேண்டாம் என்று நீ கடைசியில்தான் எழுதியிருந்தாய். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உன் கடிதம் வந்தால் சத்தமாகப் படிப்பதுதானே வழக்கம். தொடங்கிவிட்டேன். சாம்பல் நீர் என்ற இடத்துக்கு வருமுன்பே நிறுத்தினேன். படி என்றாள். அப்புறம் நிறுத்தவில்லை, உன் பெயர் வரைக்கும் படித்தேன். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நான் உனக்கு எழுதியதையும் சொன்னேன்.

அவள் நூலைக் கீழே வைக்கவில்லை. அழவும் இல்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நீ எழுதியிருந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு சொன்னாள்:

“சாம்பத்தண்ணி தோல அரிக்கும்னு எனக்குத் தெரியாதாடி? கரைச்சுக் குடுத்ததே நான்தான். அந்த மனுஷனோட கால் வெந்தத நான் தெனமும் பாத்தேன். படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரும் சொல்லுதுங்க, எனக்கென்ன தெரியும்னு வாய மூடிக்கிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். டாக்டரம்மாவிடம் சேற்றுப்புண் என்று சொன்னது ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது எனக்குத் தெரியும்.

இன்று காலை எழுந்ததும் வழக்கம்போல அடுப்புச் சாம்பலை அள்ளினாள். சலிக்கவில்லை. கொண்டுபோய்க் குளத்தில் கொட்டிவிட்டு வந்தாள். ஊறவைத்திருந்த பட்டு நூல் பசையோடு அப்படியே கிடக்கிறது.

நீ இருபத்தி நான்காம் தேதி வா. அம்மாவிடம் சொல்ல இனி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் ராத்திரியில் பேச ஆரம்பித்தால் பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உன் தங்கை,
பிம்பா